மூச்சு விடாத பந்து

காலை ஏழே கால். ஆஸ்பத்திரிச் சமையலறையில் சமையல்காரம்மா சுவர்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். ஆவி பறக்கவில்லை. சந்தேகத்தோடு ஒரு விரலை உள்ளே விட்டார். விட்ட விரலை எடுக்கவே இல்லை.

“சுடலையே” என்றார்.

ஆறரை மணிக்கு அதே குழாயில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டு வந்தது. இப்போது பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வந்தது. சுற்றி நின்ற நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பரீட்சை நாள். எழுதுகிற பிள்ளை ஒரு பாய்லர். சுவருக்கு அந்தப் பக்கம், சாமான் அறையில் அது உட்கார்ந்திருந்தது. குழாய் மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் ஆஸ்பத்திரி இன்ஜினியர் அதன் மூடிக்கு முத்திரை வைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மதியம் வரை எத்தனை டம்ளர் பிடித்தாலும் ஒவ்வொன்றும் கொதிக்கக் கொதிக்க வரவேண்டும். வந்தால் வார்டுக்கு ஒன்று என்று ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பாய்லர்தான்.

பாய்லரின் உயிர் உள்ளே இருக்கும் மிதவை வால்வு. தண்ணீர் மட்டம் இறங்கினால் அதில் மிதக்கும் செம்புப் பந்து இறங்கும். பந்து இறங்கினால் வால்வின் கதவு திறந்து பச்சைத் தண்ணீர் உள்ளே வரும். இதில் என்ன வித்தை என்று கேட்கலாம். பழைய வால்வுகள் லேசாக இறங்கினாலே மொத்தமாகத் திறந்துவிடும். பச்சைத் தண்ணீர் பாய்ந்து கொதியை அடக்கிவிடும். பிறகு டீ என்ற பெயரில் கலங்கல் தண்ணீரைக் குடிக்கவேண்டும். இந்தப் புது வால்வின் கதவு கூம்பு வடிவம். ஒரு டம்ளர் போனால் ஒரு டம்ளர்தான் வரும், அதுவும் ஊறி ஊறி வரும். கொதி நிற்காது.

அதை வடிவமைத்தவளைத் தொழிலில் எல்லோரும் ‘வால்வு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அவள் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள்.

இன்ஜினியர் பூட்டைத் திறந்தார். முத்திரையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். யாரும் தொடவில்லை. மூடியைத் தூக்கினார். மிதக்கவேண்டிய பந்து தண்ணீருக்கடியில் கிடந்தது. வால்வு அதைக் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டினாள். களக் களக் என்றது.

“உள்ள தண்ணி போயிருக்கு” என்றாள். பந்தை இன்ஜினியரிடம் நீட்டினாள்.

பந்து மூழ்கிவிட்டால் கதவு திறந்தபடியே நிற்கும். பச்சைத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கொதி ஏறவே ஏறாது. நடந்தது அதுதான்.

“ஓட்டை இங்க இருக்கு பாருங்க, ஜாயின்ட் பக்கத்துல” என்றார் இன்ஜினியர். “முத்திரை அப்படியே இருக்கு. பூட்டு அப்படியே இருக்கு. மூடறதுக்கு முன்னாடி பந்தைச் சோதிச்சதை என் கண்ணால பார்த்தேன். வெளியாள் யாரும் உள்ள வரலை. அப்ப ரெண்டே பதில்தான். உங்க டிசைன் இந்தச் சூட்டைத் தாங்கலை, இல்லை பந்தைப் பத்தவெச்சவர் செம்பைச் சுட்டு மெலிசாக்கிட்டார். நாலு மணிக்கு கமிட்டி. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

பந்தின் இரண்டு பாதிகளை ஒட்டிப் பற்றவைத்தது வால்வின் உடன்பிறந்த தம்பி. பாய்லரைச் செய்த பட்டறையில் அவன் பெயர் ‘நெருப்பு’. டிசைன் தப்பு என்றால் வால்வு போயிற்று. வேலை தப்பு என்றால் நெருப்பு போயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒதுக்கிய கையை எந்தப் பட்டறையும் தொடாது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று வைக்க அவளுக்கு மனசில்லை.

“ரெண்டும் இல்லை” என்றாள்.

“அப்ப பேயா?” என்றார் இன்ஜினியர்.

“பேய்க்கு வால்வு கழட்டத் தெரியாது” என்றது வாசலில் இருந்து ஒரு கனத்த குரல்.

அது வால்வின் நாத்தனார், கணவனின் அக்கா. போலீஸ் இன்ஸ்பெக்டர். லீவில் தம்பி வீட்டுக்கு வந்தவர், ‘என் தம்பி பெண்டாட்டி என்னதான் கிழிக்கிறாள் பார்க்கலாம்’ என்று கூடவே கிளம்பி வந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர் குறை சொல்லாத நேரம், தூங்கும் நேரம்தான். போன வாரம் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியதற்கு, ‘ஊருக்கெல்லாம் வால்வு, வீட்டில் சொட்டு’ என்றவர்.

“அண்ணி, நீங்க...” என்று ஆரம்பித்தாள் வால்வு.

“நீ பேசாத. தண்ணியை வடி” என்றார் இன்ஸ்பெக்டர்.

பாய்லர் வடிகிற நேரத்தில் அவர் அறையைச் சுற்றி வந்தார். தரையைப் பார்த்தார். சுக்கு மாதிரிக் காய்ந்து கிடந்தது. சுவரோரம் சதுரம் சதுரமாகத் தூசி இல்லாத நாலு தடங்கள். எதிரே இரும்பு அலமாரியின் மேல்தட்டில் நாலு சர்க்கரை மூட்டைகள். பாய்லர் காலியானதும் உள்ளே கையை விட்டு அடியைத் தடவினார். மிளகு அளவுக்கு ஒரு வெள்ளி மணி அகப்பட்டது. கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

முதலில் சமையல்காரம்மா.

“இந்த மூட்டையெல்லாம் எப்பவும் மேலதான் இருக்குமா?”

“இல்லைங்கம்மா, தரையிலதான். இன்னிக்கு விடிகாலையில பெரியவர்தான் ஏத்தி வெக்கச் சொன்னார். தங்கமான மனுஷன். ‘அந்த அறைப் பக்கம் நிக்காதம்மா, கால்ல செருப்பைப் போட்டுக்கோ’ன்னு வேற சொன்னார்.”

பெரியவர் என்பது வால்வின் சித்தப்பா. பட்டறையின் மூத்த பங்காளி. இந்த ஆஸ்பத்திரி உட்பட சுற்றுவட்டாரத்தில் ஓடும் பழைய பாய்லர்களில் எல்லாம் இருப்பது அவர் கண்டுபிடித்த வால்வு.

அடுத்து இன்ஜினியர்.

“பந்தைச் சோதிச்சது யாரு?”

“பெரியவர்தான். பத்தவெச்சவர் சோதிக்கக் கூடாதாம், அது அவங்க பட்டறைச் சட்டம். வால்வம்மா அப்ப மாடியில தொட்டிக் குழாயை மாட்டிட்டு இருந்தாங்க.”

“எப்படிச் சோதிச்சார்?”

“இந்த அண்டாவுல தண்ணி வெச்சிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டு, பந்தை அப்படியே கையால அமுக்கிப் பிடிச்சு, மெதுவா ஒரு சுத்து சுத்தினார். ஓட்டை இருந்தா குமிழி வரும்னார். ரொம்ப நேரம் பார்த்தோம். ஒண்ணுகூட வரலை. அனுபவசாலி மேடம். என்ன நிதானம்!”

“நிதானம்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

காலை பத்து மணி. பட்டறை. வாசலில் நுழைந்ததுமே முகத்தில் ஆவி அடித்தது. ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் கொதிக்காத குறையாகப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு தொழிலாளிப் பெண் நீண்ட இடுக்கியால் செம்புப் பந்துகளை ஒவ்வொன்றாக முக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பந்திலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பியது. அவள் அதை எடுத்துக் கழிவுக் கூடையில் போட்டாள்.

“எதுக்கும்மா வெந்நீர்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சூட்டுல உள்ள இருக்கற காத்து விரியுங்க. ஊசிமுனை ஓட்டையா இருந்தாலும் பந்து மூச்சு விட்டுரும். பச்சைத் தண்ணின்னா கள்ளப் பந்து மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கும். வால்வக்கா வந்தப்புறம் போட்ட சட்டம்.”

“இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பந்து?”

“நேத்து சாயங்காலம் இதே தொட்டியில என் கையால முக்கினேன். கப்சிப். அப்புறம் பெரியவர் துணியில சுத்தி அவர் பையில வெச்சுக்கிட்டார்.”

பக்கத்து மேசையில் ஒருவர் செம்புக் குழாயை முழங்கை போல வளைத்துக்கொண்டிருந்தார். எங்கும் நசுங்கவில்லை. பாராட்டினால் யாருக்குத்தான் வாய் திறக்காது? இன்ஸ்பெக்டர் பாராட்டினார்.

“குழாய்க்குள்ள வெந்நீர் ஈயம் ஊத்தியிருக்குங்க” என்றார் அவர். “வளைச்சு முடிச்சு வெந்நீர்ல போட்டா, அதுவா உருகி வெளிய வந்துரும். அடுப்பே வேணாம். நம்ம பட்டறையில எல்லா மேசையிலயும் ஒரு கட்டி கிடக்கும்.”

நெருப்பு மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. அடுத்த மாதம் அப்பாவாகப் போகிறவன்.

“உன் வேலையில குறையாமே?” என்றார் இன்ஸ்பெக்டர், கேட்காமலேயே கேட்பது போல.

“பந்தை ஒரு தடவை காட்டுங்க.” வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. கை மட்டும் நிதானமாக இருந்தது. “என் ஜாயின்ட் அப்படியே இருக்கு. செம்பு சுட்டு ஓட்டை விழுந்தா விளிம்பு கந்தலா இருக்கும். இது வட்டமா இருக்கு. ஓரத்துல பாருங்க, வெள்ளையா ஒரு பிசிறு. நான் போடறது பித்தளைக் கம்பி, மஞ்சளாத்தான் இருக்கும். ஆனா யார்கிட்ட சொல்றது? அக்கா என் பேரைச் சொல்லட்டும். வால்வு பிழைச்சாப் போதும்.”

“வாயை மூடுடா” என்றாள் வால்வு. “உன் பேரைச் சொல்லி என் வால்வு ஒண்ணும் பிழைக்க வேண்டாம்.”

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. சித்தப்பாவிடம் போனார்.

சித்தப்பா தன் மேசையில் தன் பழைய வால்வு ஒன்றை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பித்தளை தங்கம் போல மின்னியது.

“பந்தை நீங்கதானே சோதிச்சீங்க?”

“ஆமா.”

“எப்படி?”

“பட்டறையில என்ன முறையோ, அதே முறைதான்.”

“குமிழி?”

“ஒண்ணுகூட இல்லை. இன்ஜினியரே சாட்சி.”

“அப்ப பையன் வேலை?”

“சுத்தமான வேலை!” சட்டென்று குரல் உயர்ந்தது. “அவன் மேல யாரும் பழி போடக் கூடாது. டிசைன்தான் தப்புன்னு அவளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கெட்டிக்காரி, இன்னொண்ணு செஞ்சுக்குவா.” துணியை மடித்து வைத்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார். “அங்க... தரையெல்லாம் ஈரமா?”

“இல்லை. காய்ஞ்சு கிடக்கு.”

“காய்ஞ்சா?” என்றார் சித்தப்பா. மடித்து வைத்த துணியை மறுபடி கையில் எடுத்தார்.

மாலை நாலு மணி. கமிட்டி அறை. மூன்று டாக்டர்கள், இன்ஜினியர், பட்டறைக்காரர்கள். நெருப்பு கதவோரம் நின்றான். தலைமை டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டிசைனா, வேலையா? ஒரு வார்த்தையில சொல்லுங்கம்மா.”

“எங்க வீட்டுப் பொண்ணு ஒரு வார்த்தையில எதையும் சொல்ல மாட்டா. அதனால நான் சொல்றேன்” என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். “அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சமையல்காரம்மா, கொண்டு வாங்க.”

ஆவி பறக்கும் ஓர் அண்டா மேசைமேல் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு புதுப் பந்து.

“சித்தப்பா, காலையில எப்படிச் சோதிச்சீங்களோ, அதே மாதிரி இவங்களுக்கும் ஒரு தடவை காட்டுங்க. நம்ம பட்டறை முறைப்படி.”

சித்தப்பா எழுந்தார். ஆயுசு முழுக்கச் செய்த வேலை. யோசிக்காமலே கை போயிற்று. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். பந்தை எடுத்தார். அண்டாவின் மேல் கொண்டுபோனார். ஆவி பட்டதும் கை அந்தரத்தில் நின்றது.

கை இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. இன்ஜினியரின் வாய்தான் மெதுவாகத் திறந்தது.

“அட... காலையில முழங்கை வரைக்கும் விட்டாரே!”

“விட்டார். நீங்களும் நிதானம்னு பாராட்டினீங்க. சமையல்காரம்மா காலையில டம்ளர்ல விரலை விட்டு எடுக்காம நின்னப்பவே, ஆறின தண்ணின்னு நாம எல்லாரும் புரிஞ்சுக்கிட்டோம். ஆனா அண்டாவுல கையை விட்டு எடுக்காம நின்னவரைப் பார்த்து யாருக்கும் அது தோணலை. பட்டறையில பந்தை வெந்நீர்லதான் முக்குவாங்க, இடுக்கியால. இவர் முக்கினது பச்சைத் தண்ணி.”

“வயசானவர், சட்டத்தை மறந்திருக்கலாமே?” என்றார் தலைமை டாக்டர்.

“மறந்திருக்கலாம். இதை மறக்க முடியாது.” இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை அவிழ்த்தார். வெள்ளி மணியை ஒரு கரண்டியில் வைத்து அண்டாவுக்குள் இறக்கினார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மணி முதலில் பளபளத்தது. பிறகு தளர்ந்து, பாதரசம் போலக் கரண்டியில் உருண்டது.

“வெந்நீர் ஈயம். பாய்லர் அடியில கிடைச்சது. நேத்து சாயங்காலம் நல்லா இருந்த பந்துல ராத்திரி ஒரு ஓட்டை போட்டு, இதை வெச்சு அடைச்சிருக்காங்க. பாய்லர் சூடேறினதும் ஈயம் உருகி விழுந்துருச்சு. சூட்டுல பந்து மூச்சை வெளிய விட்டுது. பச்சைத் தண்ணி வர வரக் குளிர்ந்து, தண்ணியை உள்ள இழுத்துது. அதான் முதல் டம்ளர் கொதிச்சுது, அப்புறம் ஆறிப் போச்சு. பூட்டின அறைக்குள்ள ஆள் போகவேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை வெந்நீரே செஞ்சுது.”

“ஈயம் எல்லா மேசையிலயும் கிடக்குதே மேடம்” என்றார் இன்ஜினியர். “வேற யாராவது...”

“யோசிங்க. பட்டறை வழக்கப்படி வெந்நீர்ல சோதிச்சா, அடைப்பு அங்கயே உருகிக் குட்டு உடைஞ்சுரும். அப்படியிருந்தும் ஒருத்தர் அடைச்சார்னா, இந்தப் பந்து வெந்நீரைப் பார்க்காதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். சோதிக்கப் போறவரைத் தவிர அது யாருக்குத் தெரியும்? இடுக்கியால பிடிச்சிருந்தா நானே ஏமாந்திருப்பேன். ஆனா பெரியவருக்கு இடுக்கி பிடிக்காது. பழைய கை, பழைய பழக்கம்.”

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள். இங்கே கை மட்டும் போதுமானதாக இருந்தது.

சித்தப்பா பந்தை மேசைமேல் வைத்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பொய் சொல்ல அவர் முயலவே இல்லை. அந்த மட்டுக்கு அவருக்கும் ஒரு மானம் இருந்தது.

“ஊர் முழுக்க என் வால்வு ஓடுது. நேத்து வந்தவ ‘பழசு’ன்னு ஒரு வார்த்தையில தூக்கிப் போட்டா” என்றார். “ஒரு தடவை தோத்துப் பார்க்கட்டும்னு நெனச்சேன். பையன் தலையில விழும்னு நெனைக்கலை.”

“தெரியும்” என்றார் இன்ஸ்பெக்டர். “அவனைக் காப்பாத்தத்தான் துடிச்சீங்க. தண்ணி பொங்கி வழியும், சமையல்காரம்மா கால் வெந்துரக் கூடாதுன்னு செருப்புப் போடச் சொன்னீங்க. சர்க்கரை நனையக் கூடாதுன்னு மூட்டையை ஏத்தச் சொன்னீங்க. பந்து மூழ்கப் போறது தெரிஞ்சவர்தானே அதையெல்லாம் சொல்லுவார்.”

சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வால்வைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லு. கதவு முழுசாத் திறந்து நின்னுதே. தரை ஏன் நனையலை?”

வால்வுக்குக் கோபம் கழுத்துவரை இருந்தது. ஆனால் கேட்டது தொழில் கேள்வி.

“பந்து என்னிக்காவது போகும் சித்தப்பா. யார் செஞ்ச பந்தா இருந்தாலும் போகும். அதனால தண்ணி உள்ள வர்ற வழியைவிட, மிஞ்சினது வெளிய போற குழாயைப் பெருசா வெச்சேன். கதவு முழுசாத் திறந்து நின்னாலும் அவ்வளவும் சாக்கடைக்குப் போயிரும். டீ ஆறிப் போகலாம். மனுஷங்க கால் வேகக் கூடாது.”

சித்தப்பா கமிட்டியின் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்குங்க. என் வால்வா இருந்தா இன்னிக்கு அந்த அறையில கொதிக்கற தண்ணி கணுக்கால் வரைக்கும் நின்னிருக்கும். பந்தை நானே கெடுத்தும் இவ வால்வு யாரையும் சுடலை. இதைவிடப் பெரிய பரீட்சையை உங்களால வைக்க முடியாது.”

தலைமை டாக்டர் பேனாவை மூடினார். “மறுபடி சோதனை. இப்பவே. பந்தை யார் சோதிக்கிறது?”

“நான் இல்லை” என்றார் சித்தப்பா.

“நீங்க இனிமே எப்பவும் இல்லை” என்றாள் வால்வு. “சோதனைத் தொட்டிப் பக்கம் வராதீங்க. இப்ப அவன்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

சித்தப்பா கதவோரம் நின்ற நெருப்பிடம் போனார். என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. நெருப்பு நகர்ந்து வழி மட்டும் விட்டான்.

இன்ஜினியர் இந்தமுறை இடுக்கியைத் தானே பிடித்தார். நெருப்பு செய்த இன்னொரு பந்து, புகையும் வெந்நீரில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அது மூச்சே விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களும்தான்.

மாலை டீ வேளை வந்தது. சமையலறை வாசலில் நர்சுகளும் நோயாளிகளின் உறவுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் ஊற்றியபிறகு சமையல்காரம்மா இன்னொரு டம்ளர் பிடித்து, காலையில் செய்தது போலவே விரலை விட்டார்.

“ஐயோ!” என்று விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “சுடுதும்மா! நல்லா சுடுது!”

வால்வு சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தாள். நெருப்பு பக்கத்தில் நின்று, ஆவிதான் காரணம் என்பது போலத் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு முதியவரின் தோளைத் தட்டினார்.

“சூடா இருக்கா?”

“பிரமாதமா இருக்குங்க.”

“என் தம்பி பெண்டாட்டி செஞ்சது” என்றார் இன்ஸ்பெக்டர். அதோ அந்த வாசல் வரைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னார்.